தோங்யோங்: தென்கொரியக் கடலோரத்தில் ஒரு வார இறுதி

வெள்ளிக்கிழமை இரவு

தென்கொரியாவின் தெற்குக் கரையில், பூசான் நகருக்கு மேற்கே, கடலுக்குள் நீண்டிறங்கும் ஒரு தீபகற்பத்தின் நுனியில் தோங்யோங் அமைந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் வாழும் இந்த ஊரின் எல்லைக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மனிதக் குடியிருப்பு இல்லை. ரயில் பாதை இன்னும் இங்கே வந்து சேரவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் தேஜோன் நகரிலிருந்து வரும் விரைவுச்சாலை இவ்வூர்வரை நீட்டிக்கப்பட்ட பிறகுதான், சியோலில் வேலை பார்ப்பவர்களும் சனி, ஞாயிறுக்கு வந்து திரும்பக்கூடிய இடமாக இது மாறியது. சியோலிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். பூசானிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நாங்கள் வசிக்கும் தேஜோனிலிருந்து இன்று மாலை புறப்பட்டு, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம்.

கொரியாவில் அழகிய கடற்கரை ஊர்களுக்குக் குறைவில்லை. கிழக்குக் கரையின் சொக்சோவும் காங்னுங்கும் நீண்ட மணற்பரப்பு உடையவை. குளிப்பதற்கும் சூரியோதயம் பார்ப்பதற்கும் அவையே ஏற்றவை. தோங்யோங்கில் அத்தகைய பெரிய மணற்பரப்பு நகருக்குள் கிடையாது. மனைவியும் நானும் இவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டுக் கொரிய இசை, நாவல், கவிதை, ஓவியம் ஆகியவற்றைப் பற்றி எந்த நூலைப் புரட்டினாலும் இந்தச் சிறிய மீன்பிடி ஊரின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. இசையமைப்பாளர் யுன் இசாங், நாவலாசிரியர் பாக் கியோங்-நி, கவிஞர்கள் யூ சி-ஹுவான், கிம் சுன்-சு, ஓவியர் ஜோன் ஹியோக்-லிம் என்று ஒரு பெரிய வரிசையே இங்கிருந்து புறப்பட்டிருக்கிறது. தலைநகரிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு துறைமுகத்தில் இது எப்படி நிகழ்ந்தது என்று நேரில் நடந்து பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எங்களுக்கு நெடுநாளாக இருந்தது.

விடுதியில் பைகளை வைத்துவிட்டு, காங்குவான் எனப்படும் உள்துறைமுகத்துக்கு நடந்து சென்றோம். நகரின் நடுவே கடல் ஒரு குளம்போல உள்ளே நுழைந்து நிற்கிறது. அதன் மூன்று புறமும் கடைகளும் சந்தையும் வீடுகளும் நெருக்கமாக நிற்கின்றன. நீரில் மீன்பிடிப் படகுகளுக்கு அருகே, பதினாறாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல்களின் முழு அளவு மாதிரிகள் கட்டப்பட்டிருக்கின்றன. மேல்தளத்தை மூடிக் கூர்முனைகள் பதித்த ஆமைக் கப்பலின் மாதிரியும் அவற்றுள் உண்டு. பகலில் அதன் உள்ளே சென்று பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது.

துறைமுகத்தை ஒட்டி வரிசையாக இருக்கும் கடைகளில் பெரும்பாலானவை இரண்டே பொருள்களை விற்கின்றன. ஒன்று சுங்மு கிம்பாப், மற்றொன்று தேன் ரொட்டி. 1955 முதல் 1995 வரை இந்நகரின் பெயர் சுங்மு என்றே இருந்ததால், அந்த உணவு இன்றும் பழைய பெயரோடு வழங்குகிறது. கொரியாவின் மற்ற ஊர்களில் கிம்பாப் என்றால் கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, காய்கறி, முட்டை, இறைச்சி ஆகியவற்றை வைத்துச் சுருட்டுவார்கள். இங்கே விரல் பருமனில் வெறும் சோறு மட்டுமே சுருட்டப்படுகிறது. காரமாகப் பிசறிய கணவாயும் பெரிய துண்டுகளாக வெட்டிப் புளிக்கவைத்த முள்ளங்கியும் தனியே வருகின்றன. கரையோரப் பயணக் கப்பல்கள் ஓடிய காலத்தில், வெப்பத்தில் உள்ளீடு கெட்டுச் சோற்றையும் கெடுத்துவிடும் என்பதால், பயணிகளுக்கு விற்ற பெண்கள் இரண்டையும் பிரித்து வைக்கத் தொடங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. கைக்குப் பதிலாக மெல்லிய குச்சியால் குத்தி எடுத்து உண்பதுதான் வழக்கம். எளிமையான உணவுதான், ஆனால் கணவாயின் காரமும் முள்ளங்கியின் புளிப்பும் சுவையற்ற சோற்றோடு சேரும்போது, ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

என் மனைவி மரக்கறி உணவு மட்டுமே உண்பவர். அவரைப் போன்றவர்கள் இவ்வூருக்கு வருமுன் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: இங்கே காய்கறி என்று சொல்லித் தரப்படும் சாறுகளிலும் நெத்தலியோ வேறு மீனோ வேகவைத்த நீர்தான் பெரும்பாலும் அடிப்படையாக இருக்கும். அவருக்கு இன்று கிடைத்தது, உலர்த்திய சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயறுகளோடு குழைய வேகவைத்த, பெத்தெகி என்னும் கஞ்சி. அருகிலுள்ள யோக்ஜி தீவு இந்தக் கிழங்குக்குப் பெயர் பெற்றது. நெல் விளையாத தீவுகளில் குளிர்காலப் பசியைப் போக்கிய உணவு அது. அவர் இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை

விடியுமுன் சோஹோ சந்தைக்குச் சென்றோம். பயணிகள் படகுத்துறைக்கு எதிரிலேயே இருக்கும் இந்தச் சந்தையில், காலை ஐந்து மணிக்கே மீன் கூடைகளுக்கு முன்னால் முதிய பெண்கள் குந்தி அமர்ந்துவிடுகிறார்கள். விலாங்கு மீனின் தலையையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றில், உலர்ந்த முள்ளங்கிக் கீரையைப் போட்டுச் செய்யும் சிரெ சாறு இங்குள்ள கடைகளின் காலை உணவு. கடலிலிருந்து திரும்புகிறவர்களும் சந்தைக்காரர்களும் அதைச் சோற்றோடு வேகமாக உண்டுவிட்டு எழுந்து செல்கிறார்கள்.

இப்போது மார்ச் மாதக் கடைசி என்பதால் கடைவாசல்களில் எல்லாம் வசந்தகாலச் சாறு ஒன்றின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். நாக்குமீனைப் போலத் தட்டையாக இருக்கும் தோதாரி என்னும் மீனை, தீவுகளில் பனி விலகியதும் முளைக்கும் இளம் மாசிப்பத்திரி இனக் கீரையோடு சேர்த்துச் செய்வது அது. கீரை முற்றிவிட்டால் கசப்பேறிவிடும் என்பதால் சில வாரங்களே அதற்குக் காலம். நண்பகலில் அதை உண்டேன். மீன் வாடையைக் கீரையின் மணம் முற்றிலும் அடக்கி, சாறு தெளிவாகவும் இலேசாகவும் இருந்தது. இந்தப் பருவத்தில் வருகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன்.

சிப்பிகளுக்கோ இது பருவத்தின் கடைசிக் கட்டம். கொரியாவில் வளர்க்கப்படும் சிப்பியின் பெரும்பகுதி இவ்வூரையும் அண்டைக் கடற்பகுதிகளையும் சேர்ந்தது. விரிகுடாவில் எங்கு பார்த்தாலும் வரிசை வரிசையாக வெள்ளை மிதவைகள் தெரிகின்றன. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் நீருக்குள் கயிறுகள் தொங்க, அந்தக் கயிறுகளில் கோத்த பழைய ஓடுகளின் மீது சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. நாற்புறமும் தீவுகள் அலையைத் தடுப்பதால் நீர் அமைதியாக இருக்கிறது. வெளிக்கடலின் ஓட்டம் உணவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஹான்சான் தீவுக்கும் கோஜே தீவுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு, ஏற்றுமதிக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வுக்கு உட்படும் பகுதியும் ஆகும். அக்டோபரில் தொடங்கும் அறுவடைக் காலத்தில், ஓட்டைப் பிளந்து சதையை எடுக்கும் கொட்டகைகளில் விடியற்காலையிலிருந்தே பெண்கள் நின்றபடி வேலை செய்கிறார்கள். சிறு கத்தி ஒன்று, மணிக்கட்டின் ஒரு திருப்பம், சதை ஒரு பக்கம், ஓடு மறுபக்கம். அவர்களில் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். எடைக்கு ஏற்பக் கூலி என்பதால் யாரும் தலை நிமிர்வதில்லை. கிண்ணத்தில் வந்து சேரும் சிப்பியின் பின்னே இந்த உழைப்பு இருப்பதை, உண்பவர்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

காலை உணவுக்குப் பின் ஹான்சான் தீவுக்குப் படகில் புறப்பட்டோம். அரை மணி நேரப் பயணம். படகுப் பயணத்துக்கு அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கட்டாயம் வேண்டும் என்பதை வெளிநாட்டவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தீவை நெருங்கும்போது, நீரிலிருந்து சற்றே தலைநீட்டும் பாறையின் மீது ஆமைக் கப்பல் வடிவில் கட்டிய கலங்கரை விளக்கம் தென்படுகிறது. ஜப்பான் கொரியாவின் மீது படையெடுத்த 1592ஆம் ஆண்டுக் கோடையில் கொரியக் கடற்படையும் ஜப்பானியக் கடற்படையும் மோதிய நீர்ப்பரப்பு இதுவே.

அந்தப் போரைப் பற்றி வகுப்பறை வரைபடத்தில் பார்ப்பதற்கும் படகின் தளத்தில் நின்று பார்ப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. ஜப்பானியத் தளபதி வாகிசாகா யாசுஹாருவின் 73 கப்பல்கள் கோஜே தீவுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள கியோன்னேரியாங் என்னும் குறுகிய நீரிணையில் நின்றிருந்தன. அங்கே போர் தொடுத்தால், பாறைகள் நிறைந்த ஆழமற்ற நீரில் தம்முடைய பெரிய கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதையும், தோற்கும் பகைவர் எளிதாகக் கரையேறித் தப்பிவிடுவர் என்பதையும் கொரியக் கடற்படைத் தளபதி யீ சுன்-சின் கணித்தார். ஆகவே சில கப்பல்களை மட்டும் அனுப்பித் தாக்குவது போலத் தாக்கிப் பின்வாங்கச் செய்தார். துரத்தி வந்த கப்பல்கள் ஹான்சான் தீவுக்கு முன்னுள்ள திறந்த நீருக்கு வந்ததும், மறைந்திருந்த கப்பல்கள் நாரை சிறகு விரித்தாற்போன்ற அணியில் வளைத்துக்கொண்டு பீரங்கிகளால் சுட்டன. 59 கப்பல்களை ஜப்பானியர் இழந்தனர். தெற்குக் கடல் வழியாக மேற்கே சுற்றிச் சென்று, வடக்கே முன்னேறிய தரைப்படைக்கு உணவும் ஆளும் அனுப்பும் அவர்களது திட்டம் இதனால் முறிந்தது. தளத்தில் நின்று வடக்கே நீரிணை குறுகுவதையும், திரும்பிப் பார்த்தால் நீர் அகன்று விரிவதையும் கண்டபோது, அந்த முடிவு எத்தனை துல்லியமாக நீரையும் பாறையையும் படித்து எடுக்கப்பட்டது என்பது விளங்கியது.

படகுத்துறையிலிருந்து ஜேசுங்தாங் என்னும் நினைவிடத்துக்கு, செம்பைன் மரங்களின் நிழலில் விரிகுடாவை ஒட்டியே நடக்கலாம். அந்தக் கடற்போருக்கு மறு ஆண்டு யீ சுன்-சின் தம் தலைமையகத்தை இத்தீவுக்கு மாற்றினார். மூன்று மாகாணங்களின் கடற்படைகளுக்கும் ஒரே தலைவர் என்ற பதவி அவ்வாண்டு அவருக்காகவே உருவாக்கப்பட்டது. இப்போதுள்ள கட்டடங்கள் பிற்காலத்தவை. ஆனால் வில்பயிற்சிக் களத்தின் அமைப்பு என்னை நெடுநேரம் நிறுத்தியது. வில்லாளர் நிற்கும் மேடைக்கும் இலக்குக்கும் நடுவே கடலின் ஒரு கிளை ஓடுகிறது. அம்பு 145 மீட்டர் தொலைவு நீரின் மேலே பறந்தாக வேண்டும். நிலத்தில் தொலைவைக் கணிக்கும் கண், நீர்ப்பரப்பின் மீது ஏமாந்துவிடும். கப்பலிலிருந்து எய்ய வேண்டிய வீரர்களை அந்த ஏமாற்றத்துக்குப் பழக்குவதற்கான ஏற்பாடு இது. 1592இல் தொடங்கிய ஏழாண்டுப் போரின் போது அவர் எழுதிய நாட்குறிப்புகள் 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றின் பெரும்பகுதி இத்தீவில் எழுதப்பட்டதே. காற்றின் திசை, மழை, தாயாரின் உடல்நலம், தண்டிக்கப்பட்ட வீரர்கள் என்று அன்றாடம் பதிந்த குறிப்புகள் அவை.

பிற்பகலில் நகருக்குத் திரும்பி, நான் தேடிவந்த கேள்விக்கு மிக நெருக்கமான இடத்துக்குச் சென்றோம். போர் முடிந்த பின், 1604ஆம் ஆண்டில், கடற்படைத் தலைமையகம் இப்போதைய நகரம் இருக்கும் இடத்தில் நிலைகொண்டது. 1895இல் கலைக்கப்படும் வரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இங்கேயே இருந்தது. தோங்ஜேயோங் என்ற அந்தத் தலைமையகத்தின் பெயரே சுருங்கி நகரின் பெயராயிற்று. அதன் நடு மண்டபமான செபியோங்குவான் 1605இல் கட்டப்பட்டது. சுவரே இல்லாமல், ஐம்பது மரத்தூண்களின் மேல் ஒரு பெருங்கூரை மட்டும் நிற்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு மேலே ஏறி மரத்தரையில் அமர்ந்தால், நகரக் கூரைகளுக்கு அப்பால் துறைமுகம் தெரிகிறது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் தலைமையகத்தின் மற்றக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இதைப் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்தியதால் இது ஒன்று தப்பியது. 2002இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. இடிக்கப்பட்டவற்றுள் பலவற்றை மீண்டும் எழுப்பி 2013இல் திறந்திருக்கிறார்கள். புது மரத்தின் பளபளப்பு அவற்றில் இன்னும் தெரிகிறது.

அவற்றுள் முக்கியமானவை பன்னிரண்டு பட்டறைகள். ஒரு பெரிய படைத் தலைமையகத்துக்கு ஆயுதம் மட்டும் போதாது. விசிறி, சேணம், தொப்பி, பெட்டி, உணவுப் பீடம், உலோகப் பூட்டு, வரைபடம் எல்லாம் வேண்டும். அரசவைக்கு அனுப்பும் காணிக்கைப் பொருள்களும் இங்கிருந்தே செல்ல வேண்டியிருந்தது. இதற்காகக் கைவினைஞர்கள் தெற்குப் பகுதியெங்கும் இருந்து திரட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தார்கள். மூங்கிலை நூலாகக் கிழித்தும் குதிரைமயிரை நெய்தும் செய்யும் கருப்புத் தொப்பியில், தோங்யோங்கில் செய்ததே சிறந்தது என்று நாடு முழுவதும் மதித்தது. படைத்தலைமை கலைந்த பிறகும் கைத்திறன் ஊரைவிட்டுப் போகவில்லை.

ஒரு பட்டறையில் சிப்பியோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அபலோனி என்னும் கடல் நத்தையின் ஓட்டை மிக மெல்லிய தகடாகத் தேய்த்து, அதை நூல் போன்ற கீற்றுகளாக அறுத்து, பசை தடவிய மரப்பெட்டியின் மேல் ஒரு கீற்றை வைத்து, கத்தி நுனியால் வேண்டிய நீளத்தில் முறித்து, அடுத்ததைத் தொடுத்து வைக்கிறார் கைவினைஞர். அறுகோணமும் மூங்கில் இலையும் இந்தச் சின்னஞ்சிறு முறிப்புகளால் ஆனவை. அதன் மேல் மரப்பாலால் ஆன கருப்பு மெருகைப் பலமுறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டுத் தேய்க்கிறார்கள். கடைசியில் கருமையின் நடுவே ஓடு மட்டும் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறது. ஒரு பெட்டிக்கு மாதக்கணக்கில் ஆகும். தெருக்கடைகளில் அச்சிட்ட படலத்தை ஒட்டி விற்கும் மலிவுப் பொருளுக்கும் இதற்கும் ஒரே பெயர் வழங்குவது எனக்கு வருத்தமளித்தது. வாங்க விரும்புவோர் இந்தக் கைவினைஞர்களிடமே சிறியதாக ஒன்றை வாங்குவது அவர்களுக்குச் செய்யும் உண்மையான உதவியாகும்.

கொரியப் போரின் நடுவே, 1951இல், இந்த வேலையைக் கற்பிக்கும் பயிற்சிக்கூடம் ஒன்று இவ்வூரில் தொடங்கப்பட்டது. வடக்கிலிருந்து அகதியாக வந்த ஓவியர் யீ ஜுங்-சோப் அங்கே கற்பித்தபடி இவ்வூரில் தங்கினார். வறுமையால் அவருடைய மனைவியும் இரு மகன்களும் ஜப்பானுக்குச் சென்றுவிட்டிருந்தார்கள். கொரியர் அனைவரும் அறிந்த அவருடைய எருது ஓவியங்களில் பல இந்தக் காலத்தவை. 1956இல், நாற்பது வயதில், சியோலில் அவர் இறந்தார். கைவினைப் பயிற்சிக்கூடம் ஒன்று ஓவியருக்குச் சோறும் கூரையும் கொடுத்தது என்ற இந்தச் செய்தியில், என் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இருப்பதாக நினைக்கிறேன். கையால் செய்யும் வேலையை மதிக்கும் ஊரில், கலைஞரை வேலையற்றவராக யாரும் கருதுவதில்லை.

மாலையில் தோங்பிராங் குன்றில் ஏறினோம். பழைய கிழக்குக் காவல் மண்டபத்தை மீண்டும் கட்டிப் பூங்கா அமைப்பதற்காக, இங்குள்ள ஏழைக் குடியிருப்பை முழுவதும் இடிக்க நகராட்சி முன்பு திட்டமிட்டிருந்தது. 2007 அக்டோபரில் உள்ளூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று நாடு முழுவதும் இருந்து ஓவியக் குழுக்களை அழைத்துச் சுவர்களில் வரையச் செய்தது. மக்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். இடிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓவியங்களைப் புதுப்பிக்கிறார்கள். சந்துகள் மிகவும் குறுகியவை. சன்னல்களுக்குப் பின்னால் முதியவர்கள் வாழ்கிறார்கள். படமெடுக்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சுவர்களில் எழுதியிருப்பதை எல்லோரும் பின்பற்றுவதில்லை என்பதையும் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் கடலுக்கு அடியில் நடந்து மீருக் தீவுக்குச் சென்றோம். நகருக்கும் அந்தத் தீவுக்கும் இடையே உள்ள குறுகிய கால்வாயின் கீழ், 1931–32ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் கட்டப்பட்ட சுரங்கப்பாதை இது. 483 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம். ஆசியாவில் கடலடியில் கட்டப்பட்ட முதல் சுரங்கப்பாதை என்று இங்கே குறிப்பிடப்படுகிறது. இருபுறமும் நீரைத் தடுத்து, அடித்தளத்தைத் தோண்டி, காங்கிரீட்டால் கூண்டு கட்டி, பிறகு மீண்டும் நீரை விட்டார்கள். பாலம் கட்டினால், முற்காலப் போரில் இறந்த ஜப்பானியரின் எலும்புகள் கிடக்கும் நீரின் மேல் கொரியர் நடப்பர் என்பதற்காகவே சுரங்கம் தோண்டப்பட்டது என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. இப்போது வாகனங்களுக்கு அனுமதியில்லை. உள்ளே ஈரமும் குளிர்ச்சியும் மங்கிய விளக்கொளியும்தான். மறுபுறம் வசிக்கும் முதியவர்கள் காய்கறிப் பையோடு எதிரே நடந்து வருகிறார்கள்.

சுரங்கத்தின் மறுமுனையிலிருந்து சிறிது நடந்தால் போங்சுகோல் தெரு வருகிறது. இருபுறமும் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. ஜோன் ஹியோக்-லிம் அருங்காட்சியகம் இத்தெருவிலேயே இருக்கிறது. அதன் வெளிச்சுவர் முழுவதும் ஓவியங்கள் தீட்டிய பீங்கான் ஓடுகளால் ஆனது. தொண்ணூறைக் கடந்தும் வரைந்துகொண்டிருந்த அவருடைய படங்களில் ஒரு குறிப்பிட்ட ஆழ்நீலம் திரும்பத் திரும்ப வருகிறது. தோங்யோங் கடலை ஒருநாள் பார்த்தவர்கள் அந்த நீலத்தை உடனே அடையாளம் காண்பார்கள்.

மீருக் என்பது மைத்ரேய புத்தரைக் குறிக்கும் கொரியப் பெயர். 461 மீட்டர் உயரமுள்ள மீருக் மலைக்கு 2008 முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. அதன் நீளம் 1,975 மீட்டர். இறங்கிய இடத்திலிருந்து உச்சிவரை மரப்படிகள் உள்ளன. உச்சியிலிருந்து நேற்று சென்ற ஹான்சான் தீவும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. 1968இல் அமைக்கப்பட்ட ஹல்லியோ கடல் தேசியப் பூங்காவின் நடுப்பகுதி இது. வார இறுதிகளில் வரிசை நீளும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

அங்கிருந்து பேருந்தில் சான்யாங் பகுதிக்குச் சென்று, பாக் கியோங்-நியின் நினைவகத்தைப் பார்த்தோம். இவ்வூரில் 1926இல் பிறந்த அவர், 1969 முதல் 1994 வரை இருபத்தைந்து ஆண்டுகள் எழுதிய 'தோஜி' என்னும் பெருநாவல், கொரிய இலக்கியத்தின் தூண்களில் ஒன்று. கணவரையும் மகனையும் இளமையிலேயே இழந்து, மகளோடு வாழ்ந்து எழுதியவர். ஊரைவிட்டுச் சென்ற பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 2004இல்தான் மீண்டும் வந்தார். 2008இல் இறந்ததும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நினைவகத்துக்கு மேலுள்ள சரிவில் கல்லறை இருக்கிறது. அலங்காரம் ஏதுமில்லாத புல்மேடு அது. வழியில் நட்டுவைத்த கற்களில் அவருடைய வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளி மாணவியர் சிலர் அவற்றை வாய்விட்டுப் படித்தபடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாகச் சர்வதேச இசை அரங்கத்துக்குச் சென்றோம். 2002 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கும் தோங்யோங் சர்வதேச இசை விழாவின் கொடிகள் வழியெங்கும் பறந்தன. 2015இல் இந்நகரை யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அரங்கத்தின் அருகே, கடலை நோக்கிய சரிவில் யுன் இசாங் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சிறுவயதில் தந்தையோடு இரவில் மீன்பிடிக்கச் சென்றபோது, படகுக்குப் படகு தாவிச் சென்ற மீனவர் பாடலைக் கேட்டதை அவர் தம் இசையின் தொடக்கமாக நினைவுகூர்ந்திருக்கிறார். ஐரோப்பாவில் புகழ்பெற்ற பின், 1967இல், வட கொரியாவோடு தொடர்புடையவர் என்ற குற்றச்சாட்டின் பேரில் தென்கொரிய உளவுத்துறை அவரை மேற்கு பெர்லினிலிருந்து கடத்திச் சென்றது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ட்ராவின்ஸ்கி, கரயான் உள்ளிட்ட இசைக்கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டு வாதாட, 1969இல் விடுதலையானார். சிறையிலும் அவர் இசையமைத்தார். அதன்பின் ஊருக்குத் திரும்ப முடியாமலே 1995இல் பெர்லினில் காலமானார். 2018இல்தான் அவருடைய எச்சங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. சேற்றில் நின்றும் தூய்மை கெடாத தாமரையைக் குறிக்கும் பௌத்தத் தொடர் ஒன்று கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தம் காலத்தின் மிகச் சிறந்த இசையமைப்பாளர் ஒருவரை அவருடைய கடலிலிருந்து இத்தனை ஆண்டுகள் விலக்கி வைத்தது பெரும் அநீதி. அவருக்காக ஓர் அரங்கத்தையும் விழாவையும் இவ்வூர் இன்று கட்டிக் காப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

இசை விழாவுக்கென்றே வருகிறவர்கள் அனுமதிச்சீட்டையும் விடுதியையும் முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். இவ்வூரில் அறைகள் குறைவு. ஞாயிறு மாலைப் பேருந்துகளும் விரைவில் நிறைந்துவிடுகின்றன. சிப்பிக்காக வருபவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். தோதாரிச் சாற்றுக்கும் செர்ரிப் பூவுக்கும் இப்போதுள்ள வாரங்களே. தேன் ரொட்டியை ஆய்வகத் தோழர்களுக்கென்று ஒரு பெட்டி வாங்கியிருக்கிறோம். இனிப்புப் பயற்று விழுதை உள்ளே வைத்துப் பொரித்து, பாகில் தோய்த்து, எள் தூவியது. ஓரிரு நாளில் இறுகிவிடும் என்று கடைக்கார அம்மாள் சொன்னதால், நாளைக் காலையிலேயே அதைப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.